விரால் தூண்டில் கம்பு

விரால் தூண்டில் கம்பு என்பது கண்மாய், ஊருணி, ஏரி போன்ற நன்னீர் நிலைகளில் விரால் மீனைப் பிடிப்பதற்கென்றே தெரிவு செய்யப்படும் தூண்டில் கம்பு ஆகும். கெண்டை, கெளுத்தி, கடல் மீன் என எல்லாவற்றுக்கும் பயன்படுத்தப்படும் பொதுக் கம்பிலிருந்து இது நீளம், வலு, வளைவு, கைப்பிடி ஆகிய நான்கிலும் வேறுபடுகிறது. வட அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்போர், ஜிக் எனப்படும் ஈயத்தலைத் தூண்டிலுக்கெனத் தனிக் கம்பு ஒன்று வைத்துக்கொள்வது வழக்கம். விராலுக்குத் தனிக் கம்பு தேவைப்படுவதும் அதே காரணங்களால்தான். இரண்டு மீன்களுமே செடிகொடிகளுக்குள் ஒளிந்திருந்து இரையைத் தாக்குபவை. இரண்டுக்கும் தடித்த முள் தேவை. இரண்டையும் முள் தைத்த உடனே மறைவிடத்திலிருந்து வெளியே இழுத்தாக வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் மானாவாரி நிலத்துக் கண்மாய்களை முன்வைத்து, இத்தகைய கம்பைத் தெரிவு செய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

நீர்நிலைகளின் இயல்பு

இப்பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறு மழைக்காலத்தில் மட்டும் நீர் காண்பது. மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 800 மி.மீ. அதில் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. இந்த மழையைத் தேக்கி வைப்பவை சங்கிலித் தொடராக அமைந்த கண்மாய்கள். ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். மீனும் அவ்வழியே பரவும்.

பெரும்பாலான கண்மாய்களில் தண்ணீர் சில மாதங்களே நிற்கும். கோடையில் நீர் வற்றும்போது பல ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடைபெறும். அப்போது ஊத்தா, வலை, கச்சா எனக் கிடைத்த கருவியோடு ஊரே கண்மாய்க்குள் இறங்கும். தூண்டில் போடுவோருக்கு உரிய காலம் கண்மாய் நிறைந்ததற்கும் அந்த நாளுக்கும் இடைப்பட்டது. இவ்வளவு குறுகிய காலத்துக்காகப் பலர் ஒரே ஒரு கம்புதான் வாங்குகிறார்கள் என்பதால் தெரிவில் தவறு நேர்ந்தால் அந்த ஆண்டே வீணாகிவிடும்.

கண்மாயின் உட்பரப்பு வெறும் மண் தரை அல்ல. கோரை, சம்பு, அல்லி, ஆகாயத்தாமரை, பாசி ஆகியவற்றுடன் முள்மரங்களும் உள்ளே நிற்கின்றன. தமிழ்நாட்டில் 1981 முதல் ஸ்வீடன் நாட்டு உதவியுடன் நடைபெற்ற சமூகக் காடுகள் திட்டத்தின் கீழ் பல கண்மாய்களின் நீர்ப்பிடிப்பில் நாட்டுக் கருவேல மரங்கள் நடப்பட்டன. சீமைக் கருவேலம் தானாகவே பரவியது. மரம் வெட்டப்பட்ட இடங்களில் அடிக்கட்டைகள் நீருக்கடியில் எஞ்சியிருக்கும். நரம்பு சிக்குவதும் அறுவதும் பெரும்பாலும் இக்கட்டைகளில்தான். கம்பின் வலு மீனின் எடையை விடவும் இந்தத் தடைகளைப் பொறுத்தே முடிவாகிறது.

விராலின் இயல்பு

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். நீரில் உயிர்வளி குறைந்தாலும் மேற்பரப்புக்கு வந்து காற்றை எடுத்துக்கொள்ளும். நீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து சில காலம் உயிர் வாழும். மானாவாரிக் கண்மாய்களில் இம்மீன் நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம். முள் குறைவான சதையும், உயிரோடு சந்தைக்குக் கொண்டுசெல்லும் வசதியும் இதற்கு நல்ல விலையைத் தருகின்றன. தெலங்கானா மாநிலம் விராலைத் தன் மாநில மீனாக அறிவித்துள்ளது.

கம்பைத் தெரிவு செய்வதில் விராலின் மூன்று இயல்புகள் முக்கியமானவை:

• வாயின் அமைப்பு: விராலின் வாய் பெரியது, எலும்புப் பாங்கானது. தாடையிலும் மேலண்ணத்திலும் பற்கள் உண்டு. மென்மையான வாயுள்ள கெண்டைக்குப் போதுமான சுண்டு விராலின் வாயில் முள்ளை ஏற்றாது.

• கவ்வும் விதம்: விரால் தவளையையோ சிறு மீனையோ அடித்துக் கவ்வியதும் தாடையை இறுக மூடிக்கொள்ளும். இரை வாய்க்குள் அசையாதிருந்தால் முள் தைக்காது. வாயைத் திறந்ததும் இரை வெளியே வந்துவிடும். இரை உள்ளே நகரும் அளவு இழுவை தேவை.

• தப்பும் விதம்: முள் தைத்ததும் விரால் நீண்ட தூரம் ஓடுவதில்லை. பக்கத்திலுள்ள செடிக்குள்ளோ மரக்கட்டைக்கு அடியிலோ புகுந்து சுற்றிக்கொள்ளும். முதல் சில வினாடிகளில் அதன் தலையைத் திருப்பாவிட்டால் மீனும் நரம்பும் போய்விடும்.

மூன்றாவது இயல்பில் இழப்பு இரு பக்கமும் உள்ளது. நரம்பு அறுந்தால் பிடிப்பவருக்கு இரை நட்டம். மீனோ வாயில் முள்ளோடும் பின்னால் தொங்கும் நரம்போடும் கட்டையில் மாட்டிக்கொண்டு சாகக்கூடும். வலுவற்ற கம்பு மீனுக்கு இரக்கம் காட்டுவதாகத் தோன்றினாலும் செடி நிறைந்த கண்மாயில் அதன் விளைவு நேர்மாறானது.

மூங்கிலிலிருந்து கார்பன் வரை

தமிழகத்தில் தூண்டில் கம்பு என்றாலே நெடுங்காலமாக மூங்கில்தான். மூங்கில் தூண்டிலால் வாளை மீன் பிடிக்கும் காட்சி பெரும்பாணாற்றுப்படையில் இடம்பெறுகிறது. இந்தியக் கல்மூங்கில் 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தாத் துறைமுகம் வழியாக மேலைநாடுகளுக்குச் சென்று, பிளந்து ஒட்டிய தூண்டில் கம்புகள் செய்யப் பயன்பட்டது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி 1873இல் ஒரு நூலும், குளத்துத் தூண்டில் பற்றித் தனியாக 1887இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்ணாடியிழைக் கம்புகள் பரவின. 1970களில் கார்பன் இழைக் கம்புகள் சந்தைக்கு வந்தன. இன்று கடைகளில் கிராஃபைட் என்றும் கார்பன் என்றும் விற்கப்படுபவை இவ்வகையே.

கம்பின் பண்புகள்

நீளம்

கண்மாய்க் கரையிலிருந்து வீசுவதற்கு 6½ முதல் 7½ அடி வரையிலான கம்பு ஏற்றது. பெரும்பாலோருக்கு 7 அடி, அதாவது ஏறத்தாழ 213 செ.மீ. பொருந்தும். நீண்ட கம்பு இரையைத் தொலைவுக்கு வீசும். செடிகளின் மேல் நரம்பு படியாமல் தூக்கிப் பிடிக்கவும் தொய்ந்த நரம்பை ஒரே சுண்டலில் இறுக்கவும் அது உதவும். கரையிலும் மேலேயும் கருவேலங்கிளைகள் நெருங்கிய இடத்தில் 6½ அடிக் கம்பே வசதி. 8 அடிக்கு மேற்பட்ட கடற்கரைக் கம்பு கண்மாயில் தொலைவு தந்தாலும் குறியைத் தவறவிடும், கையையும் சோர்வடையச் செய்யும்.

நீளத்துக்கு ஒரு விலையும் உண்டு. தூண்டில் கம்பு மீனுக்குச் சாதகமான நெம்புகோல். முன்கையிலிருந்து நுனி வரை 1.8 மீட்டர், முன்கைக்குப் பின்னே கைப்பிடி 0.3 மீட்டர் என்று கொள்வோம். வளையாத கம்பின் நுனியில் 1 கிலோ இழுவை வந்தால், கைப்பிடியின் அடிமுனையில் அதைத் தாங்க 6 கிலோ விசை வேண்டும். கைப்பிடி 0.2 மீட்டராகக் குறைந்தால் 9 கிலோ விசை வேண்டும். கம்பு வளைந்து, கைக்கும் நரம்புக்கும் உள்ள தூரம் 0.9 மீட்டராகச் சுருங்கினால், 0.3 மீட்டர் கைப்பிடிக்கு 3 கிலோ விசையே போதும். இதனால்தான் நல்ல கம்பு வளைய வேண்டும் என்பதும், கைப்பிடி முழங்கை வரை எட்ட வேண்டும் என்பதும் விதிகளாகச் சொல்லப்படுகின்றன.

வலு

வலு என்பது கம்பை வளைக்கத் தேவைப்படும் விசை. லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி எனக் கம்பின் அடிப்பகுதியில் அது எழுதப்பட்டிருக்கும். விராலுக்கு மீடியம் ஹெவி பொதுவான தெரிவு. அடர்ந்த ஆகாயத்தாமரையும் கட்டைகளும் உள்ள கண்மாய்க்கு ஹெவி பொருந்தும். இச்சொற்களுக்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் மீடியம் ஹெவி இன்னொன்றின் மீடியமாக இருக்கலாம். ஆகவே கம்பின் மேல் அச்சிட்டுள்ள இரை எடையையும் நரம்பு வலுவையும் பார்ப்பதே சரியான முறை. 1 அவுன்ஸ் என்பது 28 கிராம், 1 பவுண்டு என்பது 0.45 கிலோ. ரப்பர் தவளை இரைகள் பெரும்பாலும் 10 முதல் 20 கிராம் வரை இருப்பதால், 7 முதல் 28 கிராம் வரை எனக் குறித்துள்ள கம்பு அவற்றை நன்றாக வீசும்.

ஒன்றரைக் கிலோ விராலுக்கு இவ்வளவு வலு எதற்கு என்ற ஐயம் எழலாம். மீன் செடிக்குள் புகுந்தால் அதனுடன் சேர்ந்து ஈரமான பாசியும் கொடியும் வரும். கம்பு இழுக்க வேண்டியது அந்த மொத்தச் சுமையை.

வளைவு

வளைவு என்பது கம்பு எந்த இடத்தில் வளைகிறது என்பதைக் குறிக்கும். நுனிப்பகுதி மட்டும் வளைவது ஃபாஸ்ட், பாதி வரை வளைவது மாடரேட், அடி வரை வளைவது ஸ்லோ. வலுவும் வளைவும் வேறு வேறு. வலு மிக்க கம்பும் மெல்ல வளையலாம்.

அமெரிக்க ஜிக் கம்பு ஃபாஸ்ட் அல்லது எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் வகை. ஜிக் அடித்தரையில் கிடக்கும். மீன் அதைக் கவ்வுவது மெல்லிய தட்டலாகவே கைக்குத் தெரியும். உடனே சுண்டியாக வேண்டும். நீர்மேல் ஓடும் தவளை இரைக்கு இது சற்று மாறும். நுனி மிக விறைப்பாக இருந்தால், விரால் அடிக்கும் ஓசை கேட்டதும் பதறிச் சுண்டுபவர் இரையை மீனின் வாயிலிருந்தே பிடுங்கிவிடுவார். சற்று இளகிய நுனி, மீன் இரையை உள்ளிழுத்துத் திரும்புவதற்கு ஓரிரு நொடி இடம் கொடுக்கும். அதனால் விரால் கம்புக்கு ஃபாஸ்ட் அல்லது மாடரேட் ஃபாஸ்ட் வளைவு, வலுவான நடுப்பகுதி, இளகிய நுனி என்ற சேர்க்கை பொருத்தமானது.

பொருள்

கார்பன் கம்பு எடை குறைந்தது. சிறு அசைவையும் கைக்குக் கடத்தும். ஆனால் கல்லிலோ வண்டியிலோ மோதிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பின்னொரு நாள் சுமை வரும்போது அங்கேயே முறியும். கண்ணாடியிழைக் கம்பு கனமானது, மந்தமானது; முரட்டுக் கையாளலைத் தாங்கும். இரண்டையும் கலந்து செய்த கம்பு இடைப்பட்ட விலையில் கிடைக்கும். இருசக்கர வண்டியில் கட்டி முள்காட்டு வழியே போய்வருபவருக்கு, விலை உயர்ந்த முழுக் கார்பனை விடக் கலப்புக் கம்பே நெடுநாள் உழைக்கும்.

ஒன்றுக்குள் ஒன்று செருகும் டெலஸ்கோப் கம்பு எடுத்துச் செல்ல எளிது. ஆனால் மூட்டுகள் பல இருப்பதால் கடுமையாகச் சுண்டும்போது அவற்றில் பழுது வரும். மணலும் சேறும் மூட்டில் புகுந்தால் இறுகிவிடும். இரண்டு துண்டாகக் கழற்றும் கம்பு இதனினும் மேல்.

வளையங்களும் கைப்பிடியும்

நரம்பு ஓடும் வளையங்களின் உட்புறம் பீங்கான் போன்ற கடினப் பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். பின்னல் நரம்பு மட்டமான வளையத்தை அறுத்துத் தடம் போடும். அந்தத் தடம் பிறகு நரம்பையே அறுக்கும். ரீல் பொருத்தும் இடம் ஆட்டமின்றி இறுக வேண்டும். கைப்பிடியின் பின்பகுதி முழங்கையைத் தொடும் அளவு நீண்டிருந்தால் போதும்.

நரம்பும் ரீலும்

கம்பு தனியாக வேலை செய்வதில்லை. தங்கூஸ் எனப்படும் நைலான் நரம்பு இழுத்தால் நீளும். 20 மீட்டர் தொலைவில் விரால் அடித்தால், சுண்டலின் பெரும்பகுதி நரம்பை நீட்டுவதிலேயே செலவாகிவிடும். பின்னல் நரம்பு ஏறத்தாழ நீள்வதே இல்லை; தண்டுகளையும் அறுத்துக்கொண்டு வரும். விராலுக்கு 30 முதல் 50 பவுண்டு வரையிலான பின்னல் நரம்பு வழக்கம்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. 50 பவுண்டு நரம்பை 25 பவுண்டு வரை எனக் குறித்த கம்பில் பூட்டி, ரீலின் டிராக்கை முழுதாக இறுக்கிவிட்டால், கட்டையில் மாட்டும்போது நரம்பு அறுவதற்கு முன் கம்பு முறியும். கம்பில் குறித்துள்ள நரம்பு வலுவில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான இழுவையில் டிராக் வழுகுமாறு வைப்பது பாதுகாப்பான அளவு. சிக்கிய நரம்பைக் கம்பால் இழுக்கக் கூடாது. கம்பை நரம்பின் திசைக்கு நேராக நீட்டி, ரீலைப் பிடித்துக்கொண்டு பின்னே நடந்து விடுவிக்க வேண்டும்.

புதியவருக்கு ஸ்பின்னிங் ரீல் எளிது. பெய்ட்காஸ்டிங் ரீல் குறி தவறாமல் வீசவும் வலுவாக இழுக்கவும் உதவும். பழகும் வரை நரம்பு சிக்குப் போடும். இரண்டுக்கும் கம்பு வேறு. ஒன்றுக்கான கம்பில் மற்றதைப் பொருத்தக் கூடாது.

கடையில் சோதிக்கும் முறை

• கம்பை முழுதாகப் பூட்டி, அடியிலிருந்து ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். வளையங்கள் நேர்வரிசையில் இருக்க வேண்டும்.

• ரீலைப் பொருத்தி, ரீலுக்குச் சற்று முன்னே ஒரு விரலில் தாங்கிப் பார்க்க வேண்டும். நுனி சட்டென்று தாழ்ந்தால் நாள் முழுதும் வீசும்போது மணிக்கட்டு வலிக்கும்.

• சிறிது பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தேய்த்து எடுக்க வேண்டும். இழை மாட்டினால் அந்த வளையத்தில் கீறல் உண்டு.

• நுனி வளையத்தில் நரம்பைக் கட்டி ஒருவர் இழுக்க, மற்றவர் கம்பை 45 பாகை அளவில் பிடித்து வளைவைப் பார்க்க வேண்டும். நுனியைத் தரையிலோ கூரையிலோ அழுத்திச் சோதிப்பது கம்பைப் பழுதாக்கும்.

• மூட்டைச் செருகி ஆட்டிப் பார்க்கும்போது தட்டும் ஓசை வரக் கூடாது.

பணம் அளவாக இருந்தால், நடுத்தர விலைக் கம்பும் நல்ல நரம்பும் எளிய ரீலும் என்ற வரிசையில் செலவிடுவது பயனுள்ளது. கண்மாய் விரால் ரீலிலிருந்து நெடுந்தொலைவு நரம்பை இழுத்து ஓடுவதில்லை என்பதால், விலை உயர்ந்த ரீல் தரும் பயன் குறைவு.

பருவத்துக்கு ஏற்ற தெரிவு

• கண்மாய் நிறைந்திருக்கும்போது: மீன் பரந்திருக்கும், தொலைவுக்கு வீச வேண்டும். 7 முதல் 7½ அடி, மீடியம் ஹெவி.

• நீர் குறைந்து செடி அடரும்போது: தவளை இரையைச் செடிமேல் ஓட்ட வேண்டும். 7 அடி, மீடியம் ஹெவி அல்லது ஹெவி.

• மடைப்பள்ளத்தில் மட்டும் நீர் நிற்கும்போது: மீன் அடியில் தங்கும், ஜிக் அல்லது ரப்பர் புழு பயன்படும். 6½ முதல் 7 அடி, ஃபாஸ்ட் வளைவு.

• கெண்டை, ஜிலேபி, கெளுத்தி மட்டும் வேண்டுமென்றால்: ரீல் இல்லாத மூங்கில் கம்பும் தக்கையும் மண்புழுவுமே போதும். இதற்கு விரால் கம்பு தேவையில்லை.

முதல் மூன்றுக்கும் ஒரே கம்புதான் என்றால், 7 அடி நீளமுள்ள மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் கம்பு எல்லாவற்றுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும்.

பாதுகாப்பும் ஒழுங்கும்

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். கண்மாய்க் கரையை ஒட்டியும் வயல்களுக்கு மேலும் மின்கம்பிகள் செல்லும் இடங்களில் கம்பை நிமிர்த்திப் பிடித்து நடப்பதும் வீசுவதும் உயிருக்கு ஆபத்து. இடி மின்னலின்போது கம்பைக் கீழே வைத்துவிட்டு அகல வேண்டும். தவளை இரையின் முட்கள் கண்ணைப் பதம் பார்க்கக்கூடியவை என்பதால், பின்னால் ஆள் இல்லை என்று உறுதி செய்தபின் வீச வேண்டும்.

பல கண்மாய்களில் மீன்பாசி குத்தகை ஏலம் விடப்படுகிறது. அத்தகைய இடத்தில் மீன் குத்தகைதாரருக்கு உரியது. ஊரில் கேட்டு, அனுமதி பெற்றபின் தூண்டில் போடுவதே முறை.

மழைக்காலத்தில் விரால் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மட்டத்தில் கொதிப்பது போலத் திரியும். அவற்றுக்குக் கீழே தாய் தந்தை மீன்கள் காவல் இருக்கும். குஞ்சுக் கூட்டத்தின் மேல் இரையை வீசினால் காவல் மீன் உறுதியாகத் தாக்கும், பிடிப்பது எளிது. ஆனால் காவல் போனபின் குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்றுவிடும். சில மாதங்களே நீர் நிற்கும் கண்மாயில் அடுத்த ஆண்டுக்கான மீன் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதால், குஞ்சோடு திரியும் விராலை விட்டுவிடுவது நல்லது.

அறுந்த நரம்பைக் கண்மாயில் விட்டு வரக் கூடாது. நாரைகளும் கொக்குகளும் அதில் கால் சிக்கிச் சாகும். ஈயக்குண்டுகளை விழுங்கும் நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறப்பது கண்டறியப்பட்டதால் இங்கிலாந்தில் 1987 முதல் சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. இயன்ற இடத்தில் ஈயத்துக்குப் பதிலாக இரும்புக் குண்டைப் பயன்படுத்தலாம்.

பராமரிப்பு

மீன்பிடித்து முடித்ததும் கம்பை நல்ல தண்ணீரால் கழுவி, மூட்டைக் கழற்றித் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கரிசல் சேறு மூட்டில் காய்ந்தால் அடுத்த முறை கழற்ற இயலாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளோ தகரக் கொட்டகையிலோ வைக்கக் கூடாது. வண்டியில் கொண்டுசெல்ல பி.வி.சி. குழாய் ஒன்று போதும். கண்மாய் வற்றியிருக்கும் மாதங்களில் சுவரில் சாய்த்து வைத்தால் கம்பு கோணும். இரண்டு ஆணிகளில் கிடையாகவோ, நுனியில் கட்டித் தொங்கவிட்டோ வைப்பது நல்லது.